“எங்க குடும்பத்துக்கே அந்த நோய்தான்!”

கேள்வி: எனக்கு வயது 43. பாம்பனில் விசைப்படகில் வேலை பார்க்கிறேன். அப்பா பீடி குடிப்பார். 61 வயதில் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். சாயல்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்த அத்தையும் அதே நோயில்தான் போனார், அவர் பீடியைத் தொட்டதே கிடையாது. தாத்தாவோ 88 வயது வரை சுருட்டும் கையுமாகத் திரிந்தவர். நான் 16 வயதில் அப்பாவோடு வல்லத்தில், அதாவது நாட்டுப்படகில், போவேன். வலை இழுக்கும்போது அவர் கை ஈரமாக இருக்கும், நான்தான் பீடியைப் பற்றவைத்து அவர் வாயில் வைப்பேன். அப்படியே எனக்கும் பழகிவிட்டது. இப்போது நாளுக்கு ஒரு கட்டு. ரத்தத்திலேயே இருக்கிற நோய் வரத்தான் போகிறது, பீடியை விட்டு என்ன ஆகப்போகிறது என்று சொன்னால் வீட்டில் சண்டை. 15 வயது மகனுக்கும் இது வருமா? ரெண்டு மாசமாக இருமல் வேறு. மெடிக்கலில் சிரப் வாங்கிக் குடித்தேன்.
– பெயர் வேண்டாம், பாம்பன்

பதில்: தம்பி, ரத்தம், பரம்பரை எல்லாம் அப்புறம் பேசலாம். போகிற போக்கில் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே, ரெண்டு மாச இருமல், அதுதான் முதலில். பீடி குடிக்கிறவனுக்கு இருமல் இருக்கத்தானே செய்யும் என்று நினைத்திருப்பீர்கள். உங்களைப் போன்றவர்கள் எங்களிடம் தாமதமாக வந்து சேர்வதே இந்த நினைப்பால்தான். இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல் யாருக்கு இருந்தாலும் சளியைப் பரிசோதிக்க வேண்டும். சளியில் ரத்தக் கோடு, குரல் கம்மல், காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, விடாத நெஞ்சு வலி அல்லது தோள் வலி, இதில் ஏதாவது ஒன்று கூடவே இருந்தால் நாளைக்கே கிளம்புங்கள். இல்லாவிட்டாலும் படகு போகாத அடுத்த நாளில் ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து, சளியும் கொடுத்துவிட்டு வாருங்கள். காசநோய்க்கான சளிப் பரிசோதனைக்குக் காசு கிடையாது.

எக்ஸ்ரேயில் ஒரு நிழல் தெரிந்தால் நம் நாட்டில் முதலில் எல்லோருக்கும் ஞாபகம் வருவது டி.பி.தான். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் சளியில் கிருமி இல்லாமலே மாத்திரையை ஆரம்பித்து, மாசக்கணக்கில் விழுங்கி, எடை இன்னும் இறங்கி, அதற்குப் பிறகு மதுரைக்கு வந்து சி.டி. ஸ்கேன் எடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சளியில் கிருமி இல்லை, மருந்துக்கும் கேட்கவில்லை என்றால், “சி.டி. எடுக்கலாமா டாக்டர்?” என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். அப்பா கதையையும் அத்தை கதையையும் கட்டாயம் சொல்லுங்கள். “வீட்டில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா?” என்று கேட்டால் “அதெல்லாம் இல்லை” என்பார் மனிதர்; பக்கத்தில் நிற்கும் மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுப்பார். எத்தனையோ தடவை பார்த்தாயிற்று.

இனி ரத்தத்துக்கு வருவோம். உங்கள் பயத்தில் பொய் இல்லை. பெற்றோருக்கோ கூடப்பிறந்தவருக்கோ நுரையீரல் புற்று வந்திருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது, ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. புகைபிடிப்பது எவ்வளவு கூட்டுகிறது தெரியுமா? சிகரெட்டில் 15 முதல் 30 மடங்கு. நீங்கள் இரண்டைக் காட்டி முப்பதை நியாயப்படுத்துகிறீர்கள். குடும்பத்தில் நோய் இருப்பவர் புகையும் பிடித்தால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஆகவே யார் விட்டாலும் விடாவிட்டாலும், முதலில் விட வேண்டியவர் நீங்கள்தான்.

பீடி சிகரெட்டைவிடச் சின்னது, இலையில் சுற்றியது, அதனால் சாது என்று ஒரு எண்ணம் கரையெங்கும் இருக்கிறது. அந்த இலை லேசில் எரியாது. இரண்டு இழுப்புக்கு நடுவே கொஞ்சம் பேசிக்கொண்டிருந்தால் அணைந்துவிடும், கடல்காற்றில் கேட்கவே வேண்டாம். அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்கிறீர்கள், ஆழமாக இழுக்கிறீர்கள். தூள் குறைவு, நெஞ்சுக்குள் போகும் தாரும் கார்பன் மோனாக்சைடும் குறைவில்லை. கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளி, நம்மைப் போலவே மீன்பிடிக் கரை. அங்கே ஆயிரக்கணக்கான ஆண்களை வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்ததில் பீடிக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பு தெளிவாகத் தெரிந்தது.

அத்தை விஷயத்தில் நான் உங்களோடு வாதாட மாட்டேன். பீடியே தொடாதவர்களுக்கும், முக்கியமாகப் பெண்களுக்கு, இந்த நோய் வருகிறது. சாயல்குடிப் பக்கம் என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது சீமைக் கருவேலங்கட்டை அடுக்கி மண் பூசி எரிக்கும் கரிமூட்டம்தான். அத்தை மூட்டத்தில் வேலை பார்த்தாரா, விறகடுப்பில் எத்தனை வருஷம் ஊதினார், வீட்டில் வேறு யார் புகைத்தார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். அடுத்தவர் விடும் புகையைச் சுவாசித்தாலே ஆபத்து 20 முதல் 30 சதவீதம் கூடும். ஒரே குடும்பம் என்றால் ஒரே ரத்தம் மட்டுமில்லையே, ஒரே புகையும்தான்.

தாத்தா? புயலில் கடலுக்குப் போய்த் திரும்பியவர் டீக்கடையில் உட்கார்ந்து கதை சொல்வார். திரும்பாதவர் எங்கே வந்து சொல்வார்?

விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல கணக்கு இருக்கிறது. பிரிட்டனில் 1951ல் தொடங்கி 50 வருஷம் டாக்டர்களையே பின்தொடர்ந்தார்கள். முடிவு 2004ல் வந்தது. விடாமல் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து வருஷ ஆயுளை இழந்தார்கள். 40 வயதில் விட்டவர்களுக்கு அதில் ஒன்பது வருஷம் திரும்பக் கிடைத்தது, 50ல் விட்டவர்களுக்கு ஆறு. உங்களுக்கு 43. விட்டுப் பத்து வருஷம் ஆனால், தொடர்ந்து புகைப்பவரைவிட நுரையீரல் புற்று வரும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகும்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் வருமே, அப்போது விடுகிறேன் என்பீர்கள். வேண்டாம். வேலையில்லாமல் கரையில் உட்கார்ந்து வலை பின்னும்போதுதான் கட்டுக்கு மேல் கட்டு தீரும். படகில் தொடங்குங்கள், நடுக்கடலில் பெட்டிக்கடை கிடையாது. கூட வருகிறவர்களிடம் “நான் கேட்டாலும் தராதீங்க” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல் மூன்று நாள் எரிச்சல் வரும், தூக்கம் கெடும். வெறி வரும்போது ஐந்து பத்து நிமிஷம் கடத்தினால் தானே தணியும். மருந்துக்கடையில் 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் கிடைக்கும். அதை மிட்டாய் மாதிரி மெல்லக்கூடாது. நாலு தடவை மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும். 1800-11-2356 என்ற இலவச எண்ணில் பேசினால் விட வழி சொல்வார்கள். பீடியை விட்டுவிட்டு வாயில் புகையிலையை அடக்கிக்கொள்கிறவர்களும் உண்டு, அது நெஞ்சிலிருந்து நோயை வாய்க்கு இடம் மாற்றுகிற வேலை.

மகனைப் பற்றிக் கேட்டீர்கள். 15 வயதுப் பையனுக்கு ஸ்கேன் எதுவும் தேவையில்லை. அவனுக்கு இப்போது இருக்கிற ஆபத்து உங்கள் பீடிதான். உங்கள் அப்பாவின் ரத்தத்தில் என்ன இருந்ததோ தெரியாது. வல்லத்தில் ஈரக்கையோடு நின்று அவர் உங்களிடம் நீட்டிய பீடியைப் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள். லீவு நாளில் பையன் படகுக்கு வருகிறானா? வந்தால் தீப்பெட்டியை அவன் கையில் கொடுக்காதீர்கள், பீடி வாங்கக் கடைக்கும் அனுப்பாதீர்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவனிடம் விற்பது 2003ஆம் வருஷச் சட்டப்படி குற்றம் என்று கடைக்காரரிடமும் சொல்லிவையுங்கள்.

எக்ஸ்ரேயும் சளி முடிவும் வந்ததும் எனக்கு எழுதுங்கள். பெயர் போட மாட்டோம்.