அந்த 4,200 ரூபாய்

கேள்வி: எனக்கு 26 வயது. காவேரிப்பட்டினம் பக்கம் ஊர், ஓசூரில் கம்பெனி வேலை. அப்பா இல்லை, அம்மா சீசனில் மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போவார். நாலு வருஷம் பழகியவர், ‘வீட்டில் ஒத்துக்கமாட்டாங்க’ என்று எட்டு மாதத்துக்கு முன்னால் விலகிவிட்டார். இப்போது அவருக்கு வேறு இடத்தில் நிச்சயமும் ஆகிவிட்டது. என் பெயரில் எடுத்த பைக்கைத்தான் இன்னும் ஓட்டுகிறார், மாதம் 4,200 தவணை என் கணக்கிலிருந்து போகிறது, அது பரவாயில்லை, அம்மாவிடம் சம்பளத்தில் பிடித்தம் என்று சொல்லியிருக்கிறேன். அவர் உண்மையாக நேசித்தாரா? எப்படி மறப்பது?

பதில்: நேசித்தாரா என்பது அப்புறம். ‘அது பரவாயில்லை’ என்று எழுதியிருக்கிறாயே, யாருக்குப் பரவாயில்லை? (என் மகள் வயசு உனக்கு, நீ என்றே சொல்கிறேன்.)

மாங்காய்ப் பால் பட்ட கையைப் பார்த்திருக்கிறாயா? உன் வீட்டிலேயே இருக்கிறது, பார்த்திருப்பாய். விரல் இடுக்கெல்லாம் தோல் வெந்து கறுத்து, ராத்திரி குழம்பு ஊற்றிச் சோறு பிசைந்தால் சுரீர் என்று எரியும். அந்தக் கையோடு வீட்டுக்கு வரும் அம்மாவிடம் பிடித்தம் என்று பொய் சொல்லிவிட்டு, இன்னொருத்திக்கு நிச்சயமானவன் வண்டிக்குத் தவணை கட்டுகிறாய். எட்டு மாதத்துக்கு 33,600 ரூபாய். அம்மாவுக்குத் தெரிந்தால் பணத்துக்காக அழமாட்டார், நீ பொய் சொன்னதற்காக அழுவார்.

மாதாமாதம் பணம் போன மெசேஜ் வந்துகொண்டே இருந்தால் எங்கிருந்து மறப்பது? அதை நிறுத்தவும் உனக்கு மனசில்லை, ஏனென்றால் அவனோடு மிச்சம் இருக்கிற ஒரே கயிறு அதுதான், அதைப் பிடித்துக்கொண்டு என்றைக்காவது வருவான் என்று காத்திருக்கிறாய். வரமாட்டான். அவன் தன் வீட்டுப் பேச்சைக் கேட்டு விலகினான், உன் வீட்டுக் காசை மட்டும் விடவில்லை. நேசித்தாரா என்று கேட்டாயே, எனக்கு இதுவே போதும்.

சரி, ஆகவேண்டியதைக் கேள். கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதே, தவணை திரும்பினால் அபராதமும், நாளைக்குக் கடன் கேட்டால் பார்க்கிற சிபில் மதிப்பெண் கெடுவதும் உனக்குத்தான். ஆர்.சி.யும் உன் பெயரில்தானே? அவன் யாரையாவது இடித்துவிட்டு, இன்சூரன்ஸும் காலாவதியாகி இருந்தால், நஷ்டஈடு கேட்டு வழக்கு ஓனரான உன் மேலும் வரும், ஓசூர் வேலையோடு கோர்ட்டுக்கும் நீ அலைய வேண்டும். அதனால் ஒரு தேதி போட்டு எழுத்தில் அனுப்பு: மீதிக் கடனை அடைத்து, ஃபைனான்ஸில் பாக்கி இல்லை என்ற என்.ஓ.சி. வாங்கி, ஆர்.டி.ஓ.வில் பெயரை மாற்றிக்கொள்ளட்டும், இல்லாவிட்டால் வண்டியைக் கொண்டுவந்து விடட்டும். இரண்டும் செய்யாவிட்டால் ஆர்.சி. நகலோடு ஸ்டேஷனில் மனு கொடு. தனியாகப் போய்ப் பேசாதே, நேரில் பார்த்தால் இளகிவிடுவாய். தாய்மாமன் இருந்தால் அவரைக் கூட்டிப் போ, பெண்ணுக்கு ஒன்று என்றால் முன்னால் நிற்கத்தானே தாய்மாமன்.

அதற்கெல்லாம் முன்னால் இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பாஸ்புக்கைப் பிரித்துக் காட்டு. திட்டுவார், ரெண்டு நாள் பேசாமல்கூட இருப்பார், இருக்கட்டும். வண்டி வீட்டுக்கு வந்தால் விற்பதா வைத்துக்கொள்வதா என்று அவரையே கேள். உனக்கு ஓட்டத் தெரியுமா என்று எழுதவில்லை. தெரியாவிட்டால் கற்றுக்கொள், சீசன் ஆரம்பித்தால் வேலை இல்லாத நாளிலாவது அம்மாவை ஃபேக்டரி வாசலில் நீயே கொண்டுபோய் விடலாம்.