ஏடிஎச்டி உள்ள தங்கையிடம் "புரிந்துணர்வோடு நடந்துகொள்ளுங்கள்" என்கிறார்கள். நடைமுறையில் என்ன செய்வது?

உங்கள் தங்கைக்கு ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைத் துடிப்புக் கோளாறு), அதிலும் கவனக்குறைவு வகை என்று டாக்டர் சொல்லி, இந்த ஒரு வரியோடு அனுப்பிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலும் அதே கதைதான். என் தம்பிக்கு அதே வகை. கணக்கியல் படிக்கிறான்.

நான் கண்டவரை முதல் வேலை, நம்புவது. செய்ய விரும்பியும் அவனால் முடியவில்லை என்பதை நம்புவது. வாயால் சொல்லச் சுலபம். பழைய ரேடியோவைக் கழற்றிப் போட்டுக்கொண்டு நடுச்சாமம் வரை இருக்கிறவன், பரீட்சை விண்ணப்பத்தை மட்டும் கடைசித் தேதி நெருங்கியும் தொடவில்லை என்றால், பார்க்கிறவர்களுக்கு அது கொழுப்பாகத்தான் தெரியும். ஆனால் இவர்களுக்குக் கவனமே இல்லை என்பதல்ல. வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்துக்கு அதைத் திருப்புவதுதான் கைகூடுவதில்லை. பிடித்த வேலையில் அது தானாக ஒட்டிக்கொள்ளும். சலிப்பான வேலை எவ்வளவு முக்கியமானாலும் ஒட்டாது.

துள்ளித் திரியாத பிள்ளை என்பதால் பள்ளிக்கூடத்தில் யாரும் சந்தேகப்படுவதில்லை. 'சாதுவான பிள்ளை, கவனம் போதாது' என்று ரிப்போர்ட்டில் எழுதி விடுவார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு, மிகைத் துடிப்பு இல்லாமலும் இது வரும் என்று 1980 இலேயே ஏற்றுக்கொண்டது. ஆனாலும் இன்றுவரை, அதிலும் பெண் பிள்ளைகளிடம், இது கண்ணில் படாமல் போகிறது. உங்கள் தங்கையும் இத்தனை வருடமாக 'சோம்பேறி' என்று கேட்டுக் கேட்டு, அதைத் தானே நம்பத் தொடங்கியிருக்கக்கூடும்.

"ஏன் செய்யேல்லை?" என்று கேட்டால் தம்பியிடம் பதில் வராது. அல்லது பொய் வரும். "எந்த இடத்தில நிண்டுபோச்சு?" என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. படிவத்துக்கு ஜேபி (சமாதான நீதவான்) கையெழுத்து வேண்டுமாம். யாரிடம் போவது என்று தெரியாமல் அதோடு நின்றுவிட்டது. எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு ஜேபி இருக்கிறார்!

ஆறுதல் என்று நினைத்து உறவினர்கள் சொல்வது ஒன்று உண்டு: "எல்லாருக்கும் மறதி இருக்குத்தானே, எனக்கும்தான்." இதைக் கேட்டதும் அவன் வாயை மூடிவிடுவான். மறதி எல்லோருக்கும் உண்டு, சரி. ஆனால் சின்ன வயதிலிருந்தே, வீட்டிலும் வெளியிலும், படிப்பையும் வேலையையும் குலைக்கிற அளவுக்கு இருந்தால்தான் டாக்டர்கள் இந்தப் பெயரைச் சொல்வார்கள். கொழும்பில் பிந்தி வருகிற எல்லோரும் காலி வீதி டிராஃபிக்கைச் சொல்லித் தப்பிக்கலாம். இவன் ஞாயிறு காலையிலும் பிந்துவான்.

சொன்னதை மனதில் வைத்துக்கொண்டே இன்னொன்றைச் செய்கிற திறனும் இவர்களுக்குக் குறைவு. பாண் வாங்கு, கரண்ட் பில் கட்டு, மாமிக்கு போன் எடு என்று ஒரே மூச்சில் சொன்னால் பாண் மட்டும் வீடு வந்து சேரும். ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எழுதிக் கொடுங்கள். சலிப்பான வேலை செய்யும்போது சும்மா பக்கத்தில் போய் இருங்கள். அவன் கணக்குப் போட, நான் அதே மேசையில் வெங்காயம் உரிப்பேன். பேச்சே தேவையில்லை.

நம் புரிந்துணர்வு மருந்துக்கு மாற்று இல்லை. டாக்டர் மருந்து தந்தால், இனி அன்பாக இருக்கிறோம் என்று நிறுத்திவிடாதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குகளில் பணம் கட்டத் தேவையில்லை. சிங்களம் சரளமில்லை என்றால் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். அவசரமாகப் பேச வேண்டுமானால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926 இருக்கிறது.

அப்புறம், பாவம் பார்த்து எல்லாவற்றையும் நீங்களே செய்யத் தொடங்கவும் வேண்டாம். அம்மா அவனுடைய பில்லையெல்லாம் தானே கட்ட ஆரம்பித்தபோது, ஏச்சு வாங்கிய நாட்களை விட அதிகமாக அவன் கோபப்பட்டான். எந்த மாதிரி ஞாபகப்படுத்தினால் பிடிக்கும் என்று தங்கையிடமே கேளுங்கள். எங்கள் வீட்டில் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட அனுமதி உண்டு. கதவுக்கு வெளியே நின்று கத்துவதற்கு இல்லை.