இரும்பு மாத்திரை கொடுத்தும் ஹீமோகுளோபின் 8.6-லேயே நிற்கிறது: ஏற்காடு கர்ப்பிணி

மாத்திரையை மாற்ற வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். நீங்கள் பார்த்துவரும் கர்ப்பிணிக்கு ஏழாம் மாதம், இரண்டு மாதமாக மாத்திரை, முருங்கைக்கீரை, ஜவ்வரிசிக் கஞ்சி, மூன்று வேளையும் வரக்காப்பி என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தேகம் அந்தக் காப்பி மேல்தான். சாப்பாட்டோடு குடிக்கும் காப்பியும் டீயும் இரும்புச்சத்தைக் குடலில் ஏறவிடாமல் பிடித்துக்கொள்ளும். கால்சியம் மாத்திரையைச் சேர்த்துப் போட்டாலும் இதே கதைதான்.

இரும்பு மாத்திரை ராத்திரி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. கால்சியம் காலையிலும் மதியமும் சாப்பாட்டோடு. காப்பி, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளி. கீரையில் இறக்கியபின் அரை எலுமிச்சை பிழியுங்கள், அல்லது கூடவே ஒரு கொய்யா. ஜவ்வரிசி நம்ம சேலத்துச் சரக்குதான், ஆனால் வெறும் மாவுச்சத்து, இரும்பு கிடையாது. அந்த இடத்தில் கம்பங்கூழும் பாசிப்பயறும் வரட்டும், முடிந்தால் வாரம் இரண்டு நாள் மீன் அல்லது கறி.

மாத்திரை உண்மையில் உள்ளே போகிறதா? அட்டையை வாங்கி எண்ணுங்கள். மலம் கறுத்துப் போகிறதா என்றும் கேளுங்கள். கறுக்கவே இல்லையென்றால், குமட்டலுக்குப் பயந்து ஒதுக்கி வைக்கிறார் என்றுதான் நினைக்கத் தோன்றும். திட்டாதீர்கள், பாவம், படுக்கும் முன் போடச் சொல்லுங்கள்.

குடற்புழு மாத்திரை கொடுத்தாயிற்றா என்று செவிலியரிடம் கேளுங்கள்.

நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏறவேண்டும். ஏறாவிட்டால் காத்திருக்காமல் டாக்டரிடம் அனுப்புங்கள்: ஊசிவழி இரும்பு தேவைப்படலாம், தலசீமியா, சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்தக் கோளாறுகளுக்கான சோதனையும் பார்க்கவேண்டும். 7-க்குக் கீழே இறங்கினாலோ மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனை.