குப்பைப் பை ஊசி முதல் டிஸ்சார்ஜ் தாமதம் வரை: பெங்களூரு ஆஸ்பத்திரிக் கேள்விகள்

பெங்களூருவின் நர்சிங் ஹோம்களிலும் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் வேலை பார்க்கும் தமிழ் வாசகர்கள் அனுப்பியவை இவை. யார் வேலைக்கும் வம்பு வரக்கூடாது என்பதால் பெயர்களை எடுத்துவிட்டு ஏரியாவை மட்டும் வைத்திருக்கிறோம்.

கான்ட்ராக்டில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்கிறேன். சிவப்புப் பையைத் தூக்கும்போது உள்ளே இருந்த ஊசி தொடையில் குத்திவிட்டது. "ரத்தத்தைப் பிதுக்கிட்டு ஸ்பிரிட் ஊத்திக்கோ, ஒரு டிடி (டெட்டனஸ்) ஊசி போட்டா போதும்" என்கிறார் சூப்பர்வைசர். போதுமா? (ஸ்ரீராமபுரம்)

போதாது. சொன்ன மூன்றில் முதல் இரண்டும் தவறு. பிதுக்கக் கூடாது, ஸ்பிரிட்டோ ஹைப்போவோ (கிருமி கொல்லும் பிளீச் கரைசல்) ஊற்றக் கூடாது. காயத்தைச் சுற்றிய சதை இன்னும் புண்ணாகும், வேறு பலன் இல்லை. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். கண்ணில் ரத்தம் தெறித்திருந்தால் வெறும் தண்ணீர் அல்லது நார்மல் சலைன்.

அடுத்தது, ஷிஃப்ட் முடியட்டும் என்று காத்திருக்காமல் நேராக கேஷுவாலிட்டி டாக்டரிடம் போவது. எச்ஐவி தடுப்பு மாத்திரை தேவை என்று அவர் முடிவு செய்தால் முதல் டோஸை 2 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் அதைத் தொடங்கிப் பயனில்லை. தொடங்கியபின் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். ஊசி யாருக்குப் போட்டது என்று தெரிந்தால் அவருக்கும் டெஸ்ட் எடுப்பார்கள்; அந்த ரிப்போர்ட்டுக்காக முதல் டோஸை நிறுத்தி வைக்கக் கூடாது. உங்களுக்கு அன்றே ஒரு ரத்த டெஸ்ட், பிறகு 6 வாரம், 3 மாதம், 6 மாதம். உங்கள் இடத்தில் மாத்திரை இல்லை என்றால் பவ்ரிங், விக்டோரியா ஆகிய அரசு ஆஸ்பத்திரிகளில் ஏஆர்டி மையம் (எச்ஐவி மருந்து தரும் இடம்) இருக்கிறது. ராத்திரி என்றால் அங்கேயும் கேஷுவாலிட்டியில்தான் கேட்க வேண்டும்.

எல்லோரும் எச்ஐவிக்குத்தான் பயப்படுகிறார்கள். நியாயமாகப் பயப்பட வேண்டியது ஹெபடைடிஸ் பி-க்கு. எச்ஐவி உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம் வரை போகலாம். காய்ந்த ரத்தத்திலும் அந்தக் கிருமி 7 நாள் தாக்குப்பிடிக்கும். தடுப்பூசி 0, 1, 6 மாதம் என மூன்று டோஸ். கடைசி டோஸ் போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டிபாடி அளவு பாருங்கள். 10 mIU/mL அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். தடுப்பூசியே போடாதவருக்குக் குத்தினால் இம்யூனோகுளோபுலின் (ஆயத்த ஆன்டிபாடி) ஊசியும் தேவைப்படலாம். அதை 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது.

கான்ட்ராக்ட் ஆள் என்பது தட்டிக்கழிக்கக் காரணமே இல்லை. மருத்துவக் கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடுவதும், வருடம் ஒருமுறையாவது உடல் பரிசோதனை செய்வதும் ஆஸ்பத்திரியின் பொறுப்பு என்று 2016 மருத்துவக் கழிவு விதிகள் சொல்கின்றன. சம்பளம் மாதம் 21,000 வரை என்றால் நீங்கள் இஎஸ்ஐ வரம்புக்குள் வருகிறீர்கள். குத்தின தேதி, நேரம், இடம் மூன்றையும் விபத்துப் பதிவேட்டில் எழுத வைத்து அந்தப் பக்கத்தை மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு "எங்க ஆஸ்பத்திரியிலயா குத்துச்சு?" என்ற பேச்சு வராது.

ஊசி சிவப்புப் பைக்குள் எப்படி வந்தது என்பது நர்ஸ்கள் படிக்க வேண்டிய பகுதி. ஐவி செட் (டிரிப் குழாய்), கதீட்டர் (சிறுநீர்க் குழாய் போன்றவை), ஊசி கழற்றிய சிரிஞ்ச் இவைதான் சிவப்புப் பைக்கு. ஊசியும் பிளேடும் குத்தினாலும் ஓட்டையாகாத வெள்ளை டப்பாவில் போக வேண்டும். அந்த டப்பா பெரும்பாலும் நர்சிங் ஸ்டேஷனில் இருக்கிறது, ஊசி போடுவது வார்டின் கடைசிப் படுக்கையில். வழியில் டிரேயில் உருள்கிற ஊசிக்கு மூடி போடப் போய்ப் பலர் குத்திக்கொள்கிறார்கள். சில ஊசிகள் பஞ்சோடு சேர்ந்து ஏதாவது ஒரு பைக்குள் விழுகிறது. ஆளைத் திட்டி இது நிற்காது. டப்பாவை புரொசீஜர் டிராலியிலேயே பொருத்துங்கள். போட்டவரே, போட்ட இடத்திலேயே, மூடி போடாமல் அதில் தள்ள வேண்டும். முக்கால் நிறைந்ததும் டப்பாவை மூடிவிட வேண்டும். மேலே அழுத்தி இன்னும் நாலு ஊசி திணிப்பதுதான் அடுத்த காயம். பை தூக்குபவர்கள் கழுத்தைப் பிடித்து, காலில் உரசாமல் தூக்குங்கள். அடியில் கை கொடுக்காதீர்கள்.

ஹைப்போ கரைசலை எங்கள் ஆயாக்கள் கண்ணளவில்தான் கலக்குகிறார்கள். சில நாள் கண் எரிகிறது, சில நாள் வாசனையே இல்லை. சரியான அளவு? (அல்சூர், நர்சிங் ஹோம் இன்சார்ஜ்)

கேனில் ஒட்டிய லேபிளைப் பாருங்கள். 5 சதவீத ஹைப்போ என்றால், 1 சதவீதக் கரைசலுக்கு 200 மில்லி ஹைப்போ, 800 மில்லி தண்ணீர். 10 சதவீதம் என்றால் 100-க்கு 900. வேறு எந்தச் சரக்காக இருந்தாலும் லேபிளில் உள்ள சதவீதத்தை உங்களுக்கு வேண்டிய சதவீதத்தால் வகுத்து ஒன்றைக் கழியுங்கள். ஒரு பங்கு ஹைப்போவுக்கு அத்தனை பங்கு தண்ணீர். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் ஜாடியில் 200-ல் சிவப்பு பெயிண்ட் கோடு போட்டுக் கொடுத்துவிட்டால் கணக்கே வேண்டாம்.

பச்சைத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். தினமும் புதிதாகக் கலந்து நேரத்தை எழுதி ஒட்டுங்கள், நேற்றையதைக் கொட்டிவிடுங்கள். வாசனை இல்லாத நாளுக்குப் பெரும்பாலும் பழைய கரைசலோ, வெயிலில் கிடந்த கேனோ காரணம். கண் எரிகிற நாள் இன்னும் மோசம். டாய்லெட் கழுவும் ஆசிட்டோடு ஹைப்போ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். இரண்டையும் ஒரே பக்கெட்டில், ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.

ரத்தம் சிந்தினால் கிளவுஸ் போட்டு, மேலே டிஷ்யூ அல்லது பழைய துணியைப் போர்த்தி, அதன்மேல் 1 சதவீதக் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடமாவது விட வேண்டும். ஊற்றின கையோடு மாப் போட்டால் கிருமி சாகாது, பரவும்.

டாக்டர் காலை 9 மணிக்கு டிஸ்சார்ஜ் சொல்கிறார், பேஷண்ட் கிளம்ப சாயங்காலம் 5 ஆகிறது. இன்சூரன்ஸ்காரர்கள்தான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறோம். நிஜமா? (ஓசூர் ரோடு, ஆபரேஷன்ஸ் பிரிவு)

பாதி நிஜம் என்றுகூடச் சொல்ல முடியாது. கேஷ்லெஸ் டிஸ்சார்ஜுக்கு, ஆஸ்பத்திரியின் கோரிக்கை கைக்கு வந்த 3 மணி நேரத்துக்குள் இன்சூரன்ஸ் கம்பெனி இறுதி அனுமதி தர வேண்டும் என்று ஐஆர்டிஏஐ (இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம்) 2024-ல் விதித்துவிட்டது. அதற்கு மேல் தாமதமாகி ஆஸ்பத்திரி கூடுதலாகப் பணம் கேட்டால் அது கம்பெனி தலையில். கவனியுங்கள், கடிகாரம் ஓடத் தொடங்குவது உங்கள் கோரிக்கை போன பிறகு. 9 மணிக்குச் சொன்ன டிஸ்சார்ஜுக்கு உங்கள் பைல் 1 மணிக்குப் போனால் அந்த நாலு மணி நேரம் உங்களுடையது.

ஒரு வாரத்துக்கு ஒவ்வொரு டிஸ்சார்ஜுக்கும் ஆறு நேரங்களை மட்டும் குறியுங்கள்: டாக்டர் சொன்னது, டிஸ்சார்ஜ் சம்மரியில் கையெழுத்தானது, வார்டு மருந்து பார்மசிக்குத் திரும்பியது, பில் முடிந்தது, டிபிஏ-வுக்கு (இன்சூரன்ஸ் கம்பெனிக்காக கிளெய்ம் பார்க்கும் ஏஜென்சி) அனுப்பியது, அனுமதி வந்தது. பல இடங்களில் சிக்குவது சம்மரியும் மருந்து ரிட்டர்னும்தான். ஜூனியர் டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் பன்னிரண்டுக்குத்தான் சம்மரி டைப் செய்ய உட்காருவார். நாளை போகப்போகிறவர் யார் என்று முந்தின நாள் சாயங்காலமே தெரியும். சம்மரியின் முதல் வரைவு, உபயோகிக்காத மருந்து ரிட்டர்ன், அதுவரைக்கான பில், மூன்றையும் ராத்திரி ஷிஃப்டே முடித்து வைக்கலாம். காலையில் கடைசி லேப் ரிப்போர்ட்டும் கையெழுத்தும்தான் பாக்கி.

இன்னொன்று. வீட்டில் சாப்பிட வேண்டிய மாத்திரைகளை பேஷண்டின் மொழியில் சொல்லுங்கள். இந்த ஊரில் ஒரே வார்டில் கன்னடம், தமிழ், உருது, தெலுங்கு, பெங்காலி எல்லாம் உண்டு. தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. "எந்த மாத்திரை, எப்போ, எத்தனை நாள்?" என்று அவரையே திருப்பிச் சொல்லச் சொன்னால்தான் தெரியும்.

ஸ்கேனுக்குக் கொண்டுபோகும் வழியில் ஆக்சிஜன் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. கிளம்பும்போது முள் காலிக்கு வரவே இல்லையே? (லிங்கராஜபுரம், வார்டு பாய்)

முள் எங்கே நின்றது என்பதோடு, எவ்வளவு வேகத்தில் ஆக்சிஜன் ஓடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்ட்ரெச்சரோடு போகும் பி டைப் சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 10 லிட்டர். உள்ளே ஆக்சிஜன் அழுத்தி அடைத்திருப்பதால், மீட்டர் காட்டும் பாரை (அழுத்த அளவு) 10-ஆல் பெருக்கினால் மிச்சமுள்ள ஆக்சிஜன் லிட்டரில் கிடைக்கும். 50 பார் என்றால் 500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் 50 நிமிடம். லிஃப்டில் நின்றது, ஸ்கேன் வாசலில் காத்திருந்தது எல்லாம் கூட்டினால் அது பத்தாது. போய்வர ஆகும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு இருந்தால்தான் கிளம்புங்கள்.

வால்வை மெதுவாகத் திறங்கள். இறுகியிருக்கிறது என்று எண்ணெயோ கிரீஸோ தடவவே கூடாது, ஆக்சிஜனோடு சேர்ந்தால் தீப்பிடிக்கும்.

தினம் பத்துப் பேரை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றி இடுப்பு போய்விட்டது. பெல்ட் போடலாமா? (இதே வார்டிலிருந்து இன்னொருவர்)

பெல்ட்டை நம்பாதீர்கள். ஸ்லைட் ஷீட் (பேஷண்டுக்கு அடியில் போடும் வழுக்கு விரிப்பு) கேளுங்கள். தூக்குவதை இழுப்பதாக மாற்றுவது அதுதான். இரண்டு பக்கமும் பிரேக் போட்டு, ஸ்ட்ரெச்சரைக் கட்டிலை விட இரண்டு விரல் தாழ்த்தி வைத்து, தலைமாட்டில் நிற்பவர் எண்ண, எல்லோரும் ஒரே நேரத்தில் இழுங்கள். கனமான பேஷண்ட் என்றால் நாலு பேர் வரும்வரை தொடாதீர்கள்.

அப்பாவுக்கு 74 வயது, இடுப்பு ஆபரேஷனுக்குச் சேர்க்கிறோம். ராத்திரி விழுந்துவிடுவாரோ என்று பயம். நர்ஸிடம் என்ன கேட்பது? (ஜீவன் பீமா நகர்)

கட்டில் கடைசி வரை தாழ்ந்திருக்கிறதா, சக்கரம் லாக் ஆகியிருக்கிறதா, பெல் அவர் கைக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். பலர் விழுவது பாத்ரூமுக்குப் போகும்போதுதான். அதனால் தூங்கும் முன் ஒருமுறை, விடியற்காலை ஒருமுறை அழைத்துப் போகச் சொல்லுங்கள். சிறுநீர் போக்கும் மாத்திரையைக் காலையில் கொடுக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பக்கக் கம்பியை ஏற்றிவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்காதீர்கள். குழம்பின முதியவர் அதைத் தாண்டப் பார்த்து இன்னும் உயரத்திலிருந்து விழுவார். வீட்டு ஹவாய் செருப்பு வேண்டாம், பின்பக்கம் பட்டை உள்ளதாக ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள்.