கொய்னா பொட்டலம் வந்த வழி

வணக்கம் சார்,

காலனி ஆட்சி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். பஞ்சம், சுரண்டல் என்று ஒரு பக்கக் கணக்கையே எழுதுகிறீர்கள். ரயிலைச் சொன்னால் அவர்கள் வசதிக்குப் போட்டது என்பீர்கள், விட்டுவிடுகிறேன். மருந்து? என் தாத்தா சிறுவயதில் முறைக்காய்ச்சலில் (மலேரியாவில்) விழுந்து, தபால் ஆபீஸில் வாங்கிய கொய்னாவால்தான் (குயினைன்) பிழைத்தாராம். வெள்ளைக்காரன் நம்மை ஆளாமல் இருந்திருந்தால் அது கிடைத்திருக்குமா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

ரயிலைக் கேட்டிருந்தால் நீங்கள் சொன்ன பதிலைத்தான் சொல்லியிருப்பேன். கொய்னா அப்படி ஒரு வரியில் முடிகிற விஷயம் இல்லை. தாத்தா பிழைத்ததில் எனக்கு ஒரு சண்டையும் கிடையாது. வங்காளத்தில் 1892-இலேயே காலணாவுக்குக் கொய்னா பொட்டலத்தைத் தபால் ஆபீஸில் விற்க ஆரம்பித்தார்கள், அப்புறம் மற்ற மாகாணங்களுக்கும் வந்தது. அந்தப் பொட்டலம் அங்கே வருவதற்கு முன்னால் எங்கெல்லாம் சுற்றியது என்பதுதான் கதை.

கொய்னா எடுக்கிற சிங்கோனா, ஐரோப்பிய மரம் இல்லை. பெரு, பொலிவியா, ஈக்வடார் பக்கம் ஆண்டீஸ் மலைச்சரிவில் வளர்வது. பட்டையிலிருந்து மருந்தை 1820-இல் பாரிஸில் பிரித்தெடுத்தார்கள், அந்தப் பெருமை அவர்களுக்குரியதுதான். ஆனால் அது யாருக்கு என்ன செய்து கொடுத்தது என்று பாருங்கள். 1841-இல் நைஜர் ஆற்றில் ஏறிப் போன பிரிட்டிஷ் கப்பல்களில் வெள்ளையர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் காய்ச்சலில் செத்துப்போனார். 1854-இல் பெய்க்கி என்ற டாக்டர் அதே ஆற்றில் போனார். ஆட்களைத் தினமும் கொய்னா விழுங்க வைத்தார், ஒருவர்கூட சாகாமல் திரும்பினார்கள். 1870 வாக்கில் ஆப்பிரிக்காவில் பத்தில் ஒரு பங்கு நிலம்தான் ஐரோப்பியர் கையில் இருந்தது, 1914-இல் எத்தியோப்பியாவும் லைபீரியாவும் போக மிச்சம் அநேகமாக எதுவும் இல்லை. எல்லாம் கொய்னாவால்தான் என்று நான் சொல்லவில்லை. நீராவிப் படகு, மாக்ஸிம் என்ற இயந்திரத் துப்பாக்கி, 1884-இல் ஒரு ஆப்பிரிக்கரைக்கூடக் கூப்பிடாமல் ஆப்பிரிக்காவைப் பற்றி ஐரோப்பியர் பெர்லினில் கூடிப் பேசிய மாநாடு எல்லாம் சேர்ந்துதான் அது நடந்தது. ஆனால் துப்பாக்கிக்காரன் காய்ச்சலில் சுருண்டு கிடந்தால் துப்பாக்கியால் என்ன பிரயோசனம்?

பிரிட்டிஷாருக்குப் பட்டையை வாங்கிக் கட்டுப்படியாகவில்லை, மரமே வேண்டும் என்று ஆனது. 1860-இல் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் பெருவில் நாற்றுகளை, உள்ளூர்க்காரர்கள் எதிர்த்தும், எடுத்துக்கொண்டு வந்தார், வழியில் பெரும்பாலும் பட்டுப்போயின. ஸ்ப்ரூஸ் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஈக்வடாரில் சேர்த்த விதைதான் நீலகிரியில் பிடித்தது. நடுவட்டத்துத் தோட்டத்தில் காடு திருத்தியவர்களில் சீனக் கைதிகளும் உண்டு, கடல் தாண்டிக் கொண்டுவந்து சிறை வைக்கப்பட்டவர்கள். கூடலூர் போகும் வழியில் அந்தச் சிறை இன்னும் நிற்கிறது. நான் இறங்கிப் பார்த்தேன். கையை விரித்தால் இரண்டு சுவரையும் தொடலாம் போன்ற அறை, வெளியே கண்ணுக்கெட்டிய வரை தேயிலை. விடுதலையானவர்களில் சிலர் அங்கேயே தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு காய்கறி போட்டுப் பிழைத்ததை சென்னை அருங்காட்சியகத் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் எழுதி வைத்திருக்கிறார்.

இதில் ஒரு மனிதரின் பெயரைச் சொல்லாமல் விட முடியவில்லை. மானுவல் இன்க்ரா மாமானி, பொலிவியாவின் ஐமாரா பழங்குடிக்காரர். எந்த மரத்தில் மருந்து அதிகம் என்று பார்த்தவுடன் சொல்லத் தெரிந்தவர். அவர் பொறுக்கிய விதையை லெட்ஜர் என்ற ஆங்கில வியாபாரி 1865-இல் லண்டனுக்கு அனுப்பினார். பிரிட்டிஷ் அரசு வேண்டாம் என்றது, ஒரு பவுண்டு விதையை டச்சுக்காரர்கள் வாங்கி ஜாவாவில் போட்டார்கள். 1930-களில் உலகக் கொய்னாவில் 90 சதவீதத்துக்கு மேல் ஜாவாவிலிருந்து வந்தது. மாமானியைச் சொந்த ஊரில் விதை கடத்தியதற்காகப் பிடித்து அடித்தார்கள், அதிலேயே செத்துப்போனார்.

இன்னொன்றும் உண்டு. 1860-களில் வங்காளத்தில் பர்த்வான் காய்ச்சல் ஊர் ஊராக ஆளைத் தின்றபோது, ரயிலுக்கும் சாலைக்கும் போட்ட கரைகள் தண்ணீர் வடியவிடாமல் தேக்கியதுதான் காரணம் என்று விசாரணைக் குழுவிலேயே இருந்த திகம்பர் மித்ரா சொன்னார். அதாவது, கரையும் அவர்களுடையது, காலணா பொட்டலமும் அவர்களுடையது.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆளாமல் இருந்தால் மருந்து கிடைத்திருக்குமா? 1693-இல் சீனச் சக்கரவர்த்தி காங்ஷி மலேரியாவில் விழுந்தார். ஏசு சபைப் பாதிரிகள் இதே சிங்கோனா பட்டையைக் கொடுத்துக் குணப்படுத்தினார்கள். பதிலுக்கு அவர் அவர்களுக்குப் பீக்கிங்கில் ஒரு வீடு கொடுத்தார்.