கோட் போட்டால் வெளியே கேட்காதா? வாக்கி டாக்கி டோன் பற்றிக் கேள்வி பதில்

ரேடியோ பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பெரும்பகுதி டோன் பற்றித்தான், அதாவது பேச்சோடு சேர்த்து செட் அனுப்பும் அடையாள ஒலி பற்றி. சி.டி.சி.எஸ்.எஸ்., டி.சி.எஸ்., "ப்ரைவசி கோட்" என்று பல பெயர்களில் கேட்டிருக்கிறீர்கள். சேர்த்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி (மதுரை, கல்யாண நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்): சார், எங்கள் பையன்கள் கையில் உள்ள செட்டில் சேனல் 5, கோட் 12 வைத்திருக்கிறோம். கோட் போட்டுவிட்டால் நாம் பேசுவது வெளியே யாருக்கும் கேட்காது என்று கடையில் சொன்னார்கள். உண்மையா?

பதில்: இல்லை. எல்லோருக்கும் கேட்கும்.

கோட் 12 என்பது பெரும்பாலான செட்டுகளில் 100.0 ஹெர்ட்ஸ் டோன். நீங்கள் பட்டனை அழுத்திப் பேசும் நேரம் முழுக்க, உங்கள் குரலுக்கு அடியில் அந்த முணுமுணுப்பும் சேர்ந்து போய்க்கொண்டே இருக்கும். ரேடியோவில் குரல் போவது ஏறத்தாழ 300 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரை. சிக்னலை வாங்கும் செட் 300க்குக் கீழே உள்ளதை வடிகட்டிவிட்டுத்தான் ஸ்பீக்கருக்கு அனுப்பும், அதனால் டோன் நம் காதுக்கு வராது. ஆனால் உள்ளே இருக்கும் டிகோடர் அதைக் கவனித்துக்கொண்டே இருக்கும். 100.0 வந்தால் ஸ்பீக்கரைத் திறக்கும், வராவிட்டால் மூடியே வைக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

குரலை யாரும் பூட்டவில்லை, கலைக்கவில்லை. கோடை அணைத்துவிட்டு அதே சேனலில் காத்திருப்பவருக்கு நீங்கள் பேசுவது அத்தனையும் தெளிவாகக் கேட்கும். அடுத்தவர் பேச்சு உங்களைத் தொந்தரவு செய்யாது என்பது ஒன்றுதான் இதில் கிடைக்கும் பலன். "ப்ரைவசி" என்று பெட்டியில் அச்சடிப்பதை விற்பனைப் பேச்சு என்றுதான் நான் சொல்வேன்.

அவரே மறுபடி: பக்கத்து மண்டபத்துக்காரர்களும் சேனல் 5தான், ஆனால் அவர்கள் கோட் வேறு. அப்போ மோதல் வராது இல்லையா?

பதில்: மோதல் வரும். வருவது தெரியாமல் வரும் என்பதுதான் சிக்கல். ஒரே அறையில் இரண்டு கூட்டம் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு கத்துகிற கதை இது.

அலைவரிசை ஒன்றுதான். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது உங்கள் செட் அமைதியாக இருக்கும். காலியாக இருக்கிறது என்று நினைத்து நீங்கள் அழுத்துவீர்கள். எஃப்.எம். ரிசீவரில் எந்த சிக்னல் வலுவோ அதுதான் ஜெயிக்கும். இரண்டும் சமமாக இருந்தால் கீச்சென்று ஒரு சத்தம், இரண்டு பேச்சும் போச்சு. உங்கள் ஆள் "அண்ணா, பதிலே இல்லை" என்பார். பேட்டரியைக் குறை சொல்வீர்கள்.

இதற்குத்தான் செட்டின் பக்கவாட்டில் மானிட்டர் பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் டோன் பார்க்காமல் எல்லாமே கேட்கும். பேசுவதற்கு முன் ஒரு நொடி அழுத்திப் பாருங்கள். வண்டிகளில் வைத்த பழைய ரேடியோக்களில் மைக்கைக் கொக்கியிலிருந்து எடுத்த உடனேயே டோன் டிகோடர் தானாக அணைந்துவிடும், சேனலில் ஆள் இருக்கிறாரா என்று கேட்ட பிறகே பேச முடியும். நல்ல ஏற்பாடு அது. கையடக்க செட்டுகளில் அந்த வேலை நம் விரல்மேல் விழுந்துவிட்டது. மெனுவில் "பிஸி சேனல் லாக் அவுட்" (சேனலில் வேறு ஆள் இருந்தால் நம்மைப் பேச விடாத வசதி) இருந்தால் அதையும் போட்டு வையுங்கள்.

இந்தியாவில் 2018 முதல் உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்த குறைந்த சக்தி வாக்கி டாக்கி பட்டை 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை. 12.5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அதில் 16 சேனல் அடங்கும். 16ஐ செட்டில் உள்ள 38 கோடால் பெருக்கி 608 சேனல் என்று பெட்டியில் எழுதினாலும் இடம் என்னவோ 16தான்.

கேள்வி (திருச்சி): யார் கண்டுபிடித்தது இதை?

பதில்: 1950களில் அமெரிக்காவில் மோட்டரோலா "ப்ரைவேட் லைன்" என்ற பெயரில் பரப்பியது. ஜெனரல் எலெக்ட்ரிக் "சேனல் கார்டு" என்றது, ஆர்.சி.ஏ. "க்வைட் சேனல்" என்றது, கென்வுட் இன்றும் "கியூ.டி." என்கிறது. எல்லாம் ஒன்றே. பல நிறுவனங்கள் ஒரே சேனலைப் பங்குபோட்டபோது, நாள் முழுக்க அடுத்தவன் பேச்சைக் கேட்கும் சலிப்பைத் தவிர்க்க வந்தது. அப்போது டோனை அடையாளம் கண்டது சிப் இல்லை, தன் அதிர்வெண் வந்தால் மட்டும் அதிரும் ஒரு மெல்லிய உலோக நாக்கு. டோனை மாற்ற வேண்டுமா, அந்தத் துண்டையே கழற்றி வேறு மாட்ட வேண்டும்.

கேள்வி (ஈரோடு): 67.0, 71.9, 88.5 என்று ஏன் இப்படிக் கோணல்மாணலான எண்கள்? எதைத் தேர்ந்தெடுப்பது நல்லது?

பதில்: பெரும்பாலும் ஒவ்வொரு டோனும் முந்தையதைவிட ஏறத்தாழ மூன்றரை சதவீதம் அதிகம். சமமான ஹெர்ட்ஸ் இடைவெளி வைக்காமல் சம விகிதத்தில் ஏற்றியிருக்கிறார்கள். டிகோடர் பக்கத்து டோனைத் தவறாகப் பிடிக்காமல் இருக்க அந்த இடைவெளி வேண்டும்.

தேர்வு என்றால், நம் ஊரில் 100.0ஐ நான் தவிர்ப்பேன். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பவர் சப்ளையில் அதை டி.சி.யாக்கும்போது மிஞ்சும் இரைச்சல் சரியாக 100 ஹெர்ட்ஸில் உட்காரும். மட்டமான அடாப்டரில் ஓடும் ஒரு செட் டோனே போடாமல் உங்கள் ஸ்பீக்கரைத் திறந்துவிட வாய்ப்பு உண்டு. 150க்குப் பக்கத்தில் இருக்கும் 151.4, 250ஐ ஒட்டிய 250.3 இரண்டும் அதே வகையில் சந்தேகக் கேஸ். மேலும், 250ஐ நெருங்கும் டோன்கள் 300 ஹெர்ட்ஸ் வடிகட்டிக்கு மிக அருகில் இருப்பதால் விலை குறைந்த செட்டில் "ம்ம்ம்" என்று காதில் விழும். 88.5, 123.0, 131.8 மாதிரி நடுவில் உள்ளதை எடுங்கள்.

கேள்வி (சேலம்): முதல் வார்த்தை எப்போதும் வெட்டுப்படுகிறது. "கேட்டை மூடு" என்றால் "மூடு" மட்டும் போகிறது.

பதில்: டிகோடர் டோனைச் சில சுற்று பார்த்த பிறகே நம்பும். 67 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கே 15 மில்லி செகண்ட், எனவே கால் நொடி வரை போய்விடும். அழுத்தி, அரை நொடி விட்டுப் பேசச் சொல்லுங்கள்.

கேள்வி (கோவை, கல்லூரி மாணவர்): அண்ணா, புதிதாக ஹாம் (அமெச்சூர் ரேடியோ) உரிமம் வாங்கியிருக்கிறேன். கையில் பாவ்ஃபெங் யு.வி.-5ஆர் செட். ரிப்பீட்டரில் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் நிலையம்) பேசுகிறவர்கள் நன்றாகக் கேட்கிறார்கள், நான் அழுத்தினால் ரிப்பீட்டர் எழுவதே இல்லை. அப்புறம், செயற்கைக்கோளுக்கும் டோன் வேண்டுமாமே?

பதில்: வாழ்த்துகள் தம்பி. முதலில் 600 கிலோஹெர்ட்ஸ் ஆஃப்செட், அதாவது நீ கேட்கும் அலைவரிசைக்கும் அனுப்பும் அலைவரிசைக்கும் உள்ள வித்தியாசம், சரியான திசையில் இருக்கிறதா பார். அடுத்து மெனு 13, டி-சி.டி.சி.எஸ். அதுதான் நீ அனுப்பும் டோன், ரிப்பீட்டர்காரர்கள் சொன்ன எண்ணை அங்கே வை. மெனு 11, ஆர்-சி.டி.சி.எஸ்., வாங்கும் பக்கம். அதை இப்போதைக்கு அணைத்தே வை. சில ரிப்பீட்டர்கள் டோனை எதிர்பார்க்கும், ஆனால் தாங்கள் திருப்பி அனுப்பாது. நீ அங்கேயும் டோன் வைத்துவிட்டால் ஊரே பேசினாலும் உன் செட் வாய் திறக்காது.

செயற்கைக்கோளுக்கும் வேண்டும். எஸ்.ஓ.-50 என்ற ஹாம் செயற்கைக்கோளுக்கு மேலே அனுப்புவது 145.850, கீழே வருவது 436.795 மெகாஹெர்ட்ஸ், டோன் 67.0. அதில் 10 நிமிட டைமர் ஒன்று உண்டு. அது அணைந்திருந்தால் 74.4 டோனோடு இரண்டு நொடி அழுத்தி எழுப்பிவிட்டு, பிறகு 67.0க்கு வர வேண்டும். சர்வதேச விண்வெளி நிலைய ரிப்பீட்டருக்கும் 67.0தான், மேலே 145.990, கீழே 437.800. செயற்கைக்கோளின் வேகத்தால் அலைவரிசை நகர்வதை டாப்ளர் விளைவு என்பார்கள்; அதனால் டோனும் நகருமா என்று பயப்படாதே. கீழே வரும் அலைவரிசை சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் வரை நகரும், அதற்கேற்ப நீ திருப்ப வேண்டும். 67 ஹெர்ட்ஸில் வரும் மாற்றமோ ஒரு ஹெர்ட்ஸில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

கேள்வி (ஓசூர், செக்யூரிட்டி சூப்பர்வைசர்): டி.சி.எஸ். என்றால் என்ன? எங்கள் செட்டில் 023 என்.; புதிதாக வந்த செட்டில் 023 ஐ. என்று காட்டுகிறது, பேச்சு வரவில்லை.

பதில்: டோனுக்குப் பதிலாக எண் அனுப்புவது டி.சி.எஸ். நொடிக்கு 134.4 பிட் வேகத்தில் 23 பிட் கொண்ட ஒரு சொல் திரும்பத் திரும்பப் போகும். அதில் 12 பிட்தான் விஷயம், மீதி 11 பிழை திருத்த. உங்கள் சிக்கல் என்., ஐ. எழுத்தில்தான் இருக்கிறது. என். நேர், ஐ. தலைகீழ். 023ஐத் தலைகீழாக்கினால் அது 047ஆகப் படிக்கப்படும். புதிய செட்டையும் என்.க்கு மாற்றுங்கள், பேசும்.

கேள்வி (நாகப்பட்டினம்): படகு வி.எச்.எஃப். செட்டில் டோன் போட்டால் எங்கள் படகுகள் மட்டும் பேசிக்கொள்ளலாமே?

பதில்: வேண்டாம். கடலில் சேனல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், எல்லோருக்கும் திறந்தே இருக்க வேண்டியது. ஆபத்தில் கூப்பிடுகிறவர் உங்கள் கோடைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. குறிப்பிட்ட படகை அழைக்கக் கடல் ரேடியோவில் வேறு வழி இருக்கிறது: டி.எஸ்.சி. வசதியுள்ள செட்டில், அந்தப் படகின் 9 இலக்க எண்ணைப் போட்டால் சேனல் 70 வழியாக அழைப்பு போகும்.

கேள்வி (தஞ்சாவூர்): இரண்டு கம்பெனி செட், இரண்டிலும் கோட் 12. பேசிக்கொள்ள மாட்டேன் என்கின்றன.

பதில்: கோட் எண் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றல்ல. பழைய 38 டோன் பட்டியலில் 67.0க்கு அடுத்தது 71.9. சிலர் நடுவில் 69.3ஐச் செருகிவிட்டார்கள், அதற்குப் பிறகு எல்லாம் ஓர் எண் தள்ளிப்போய்விடும். ஒன்றில் 12 என்றால் 100.0, மற்றதில் 97.4. இரண்டு கையேட்டிலும் கடைசிப் பக்க அட்டவணையைத் திறந்து ஹெர்ட்ஸை ஒப்பிடுங்கள். கையேடு தொலைந்திருந்தால் ஒரு செட்டில் மட்டும் 13 வைத்துப் பாருங்கள், வராவிட்டால் 11.