பூச்சி மருந்து கேட்கவில்லையா? இரண்டு மடங்கு ஊற்றாதீர்கள்

கேள்வி: நாங்குநேரிப் பக்கம் செம்மறி வளர்க்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அல்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்து கொடுக்கிறேன். முன்பு நன்றாகக் கேட்டது. இப்போது கொடுத்த பிறகும் ஆடுகள் வெளிறி, தாடை வீங்கி மெலிகின்றன. புழு மருந்துக்குப் பழகிவிட்டதா? மருந்துக்கடைக்காரர் இரண்டு மடங்கு ஊற்றச் சொல்கிறார்.

பதில்: ஊற்றாதீர்கள். சினை பிடித்த முதல் மாதத்தில் இந்த மருந்து குட்டியையே ஊனமாக்கிவிடும். கடைக்காரருக்கு இரண்டு பாட்டில் விற்றால் சரி.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் பெரும்பாலும் நான்காம் வயிற்றில் ஒட்டி ரத்தம் குடிக்கும் புழுவினால் வருபவை. அது பழகவில்லை. இந்த மருந்துக்குச் சாகாத ஒன்றிரண்டு புழுக்கள் பிறவியிலேயே கூட்டத்தில் இருந்திருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்று அவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுத்தது. ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும். சாகாத குணம் வாரிசுகளுக்கும் போகும். ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் அவைதான் மிஞ்சும். எடையைக் கண்ணால் மதித்துக் குறைவாக ஊற்றினால், அரைகுறையாகத் தாங்குபவையும் தப்பிக்கும்.

பலரும் செய்யும் பெரிய தப்பு, மந்தை முழுக்க மருந்து ஊற்றி, அன்றே அறுப்பு முடிந்த வயலில் கிடை போடுவது. புது நிலத்தில் விழுவது அத்தனையும் சாகாத புழுவின் முட்டை. அதனால் கீழ் இமையைப் புரட்டிப் பாருங்கள். நல்ல சிவப்பாக இருக்கும் ஆட்டை விட்டுவிடுங்கள், வெளிறியதற்கு மட்டும் கொடுங்கள். மருந்தையே பார்க்காத புழுக்களும் தரையில் கலந்திருந்தால்தான் சாகாத குணம் மெதுவாகப் பரவும்.

மேலப்பாளையம் சந்தையில் தரகர், "பூச்சி மருந்து கொடுத்தாச்சு அண்ணாச்சி" என்பார். அப்படியே கொடுத்திருந்தாலும் உள்ளே மிச்சமிருப்பவை மருந்தைத் தாண்டியவை. புது ஆட்டை இரண்டு வாரமாவது தனியே கட்டுங்கள்.

வெள்ளாடும் வைத்திருந்தால் ஒன்று. செம்மறிக் கணக்கு அதற்கு ஆகாது. வெள்ளாட்டின் உடம்பு மருந்தைச் சீக்கிரம் கழித்துவிடும். அதே அளவை ஊற்றினால் குறைத்து ஊற்றியதுபோல்தான். அதற்காக நீங்களாகக் கூட்டவும் கூடாது. சில மருந்துகள் கொஞ்சம் கூடினாலே விஷம். எடை போட்டு, வெள்ளாடு என்று சொல்லியே டாக்டரிடம் அளவு கேளுங்கள்.

முகாம் போட்டு ஊர் ஆடு முழுக்க ஒரே மருந்தை ஊற்றிவிட்டுப் போகிறார்களே, புழுக்கையைப் பார்த்த பிறகா ஊற்றுகிறார்கள்? எத்தனை முறை சொல்வது! நீங்கள் காத்திருக்க வேண்டாம். மருந்துக்கு முன்பும், 14 நாள் கழித்தும், அதே பத்து ஆடுகளின் புதுப் புழுக்கையை ஐஸ் வைத்து ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். புழுக்கையில் புழு முட்டை 95 சதவீதம் குறையவில்லையென்றால், பெயரை மட்டும் மாற்றி விற்கும் மருந்து வேண்டாம், வேறு வகை மருந்தே எழுதித் தரச் சொல்லுங்கள்.